வார்த்தையின் தலையில் கட்டைவிரல்: டர்பனுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஓர் ஆங்கில வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் உள்ள டர்பனுக்கு வந்த முதல் வருடம், தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போக லீவு கேட்டேன். கிடங்கில் எனக்கு மேலே இருந்தவர் தமிழ் வம்சாவளிதான். ஆனால் தமிழ் தெரியாது, பேசுவது வேகமான டர்பன் இங்கிலீஷ். ஃபோர்க்லிஃப்ட் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னதில் 'பெய்ட் லீவ்' என்று என் காதில் விழுந்தது. சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு விமானம் ஏறினேன். திரும்பி வந்து சம்பளச் சீட்டைப் பிரித்தால் ஒன்பது நாள் கூலியைக் காணோம். அவர் சொன்னது 'அன்பெய்ட்'. லீவு பாரத்திலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. கீழே இருந்த கையெழுத்து என்னுடையது.

யாரோடு சண்டை போடுவது? ராத்திரி அறையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. நம் காது வாலுக்காகக் காத்திருந்து பழகிய காது. 'வர' என்பது வரை எல்லாம் ஒன்றுதான். 'வரலாம்', 'வரமாட்டேன்', 'வரவேண்டாம்' என்று கடைசியில்தான் விஷயம் திறக்கும். வேலை இல்லாதவன், சம்பளம் இல்லாத லீவு என்று நம் 'இல்லை' எப்போதும் பின்னால் வரும். இங்கிலீஷ் 'இல்லை'யை முன்னாலேயே, அதுவும் அரை மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. நாம் வாலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலை போய்விடுகிறது.

தலையில் ஒட்டும் இந்தத் துண்டைத்தான் முன்னொட்டு என்கிறோம். வேலைக்காக இங்கே வருகிறவர்களுக்கு இலக்கணம் முழுக்கத் தேவையில்லை, இந்தத் துண்டுகளில் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் சம்பளம், லீவு, ஒப்பந்தம் மூன்றிலும் ஏமாறாமல் இருக்கலாம். நான் தட்டுத் தடுமாறிக் கற்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

1. ஏற்கெனவே தெரிந்ததை எடுத்து வெளியே வையுங்கள்

செலவு ஒன்றுமில்லை, அரை மணி நேரம் போதும். ஒரு தாளில் ஊரில் தினமும் சொன்ன சொற்களை எழுதுங்கள். ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டி. போனில் ப்ரீபெய்ட், போஸ்ட்பெய்ட், ரீசார்ஜ். பத்திரம் பதிய சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ். பரீட்சை மார்க் குறைந்தால் ரீவேல்யுவேஷன். ரோடு போடும் இடத்தில் ஓவர்சியர். தெருவில் ஓர் எக்ஸ் எம்.எல்.ஏ. தீபாவளிக்குத் துணி எடுத்த கோ-ஆப்டெக்ஸ். இதில் எட்டு முன்னொட்டு இருக்கிறது: அன், ப்ரீ, போஸ்ட், ரீ, சப், ஓவர், எக்ஸ், கோ. இத்தனை வருஷம் சும்மா வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

அடுத்த பத்தியில் தமிழ் ஜோடியை எழுதுங்கள். ரீ என்றால் மறு: மறுகூட்டல், மறுதேர்வு. சப் என்றால் துணை அல்லது கீழ். கோ என்றால் சக, கூட்டு. ப்ரீ முன், போஸ்ட் பின். ஓவர் மேல்: ஓவர்சியர் மேற்பார்வை பார்ப்பவர். எக்ஸ் முன்னாள். தமிழிலும் தலையில் ஒட்டுகிற பழக்கம் கொஞ்சம் இருக்கிறது என்பது அப்போது தெரியும். நீதி, அநீதி, நியாயம், அநியாயம். இந்த 'அ'வுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் 'அன்'னை வைத்துப் பாருங்கள். 'அன்ஃபேர் டிஸ்மிஸல்' என்றால் அநியாயமாக வேலையைவிட்டு நீக்குவது. 'அன்ஃபேர்', 'அநியாயம்' இரண்டுக்கும் தலை ஏறக்குறைய ஒன்றுதான்.

என்னோடு வேலை பார்த்த ஒரு ஜூலு நண்பருக்கு இந்தக் கஷ்டமே இல்லை. அவர் மொழியில் பெரும்பாலும் தலையில்தான் நடக்கிறது. வேலை செய்வது உகுசெபென்சா, வேலை உம்செபென்சி, வேலையாட்கள் அபாசெபென்சி. உடம்பு அதே 'செபென்ச்', வால் லேசாக மாறும், தலை மாறினால் அர்த்தம் மாறும். டீ குடிக்கும் நேரத்தில் அவர் இதைச் சொல்லிக்காட்டியதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்.

2. பாடப்புத்தகம் வாங்காதீர்கள், காகிதங்களைச் சேருங்கள்

நான் செய்த பெரிய தப்பு, முன்னொட்டுப் பட்டியல் போட்ட ஒரு புத்தகம் வாங்கியது. 'அன்ஹாப்பி, அன்கைண்ட்' என்று நூறு சொல். ஒன்றுகூட என் சம்பளச் சீட்டில் வரவில்லை. உங்கள் பிழைப்பைத் தீர்மானிக்கிற காகிதங்களிலேயே உங்களுக்கு வேண்டிய சொல் அத்தனையும் இருக்கிறது. திரட்ட வேண்டியவை இவை:

வேலை ஒப்பந்தம். இது முதல் இடம். பிரதி கையில் இல்லையென்றால் இன்றைக்கே கேளுங்கள்.

மூன்று மாத சம்பளச் சீட்டு. அதில் யுஐஎஃப் என்று ஒரு பிடித்தம் இருக்கும். வேலை போனால் உதவுகிற காப்பீட்டு நிதி அது. உங்கள் சம்பளத்திலிருந்து 1 சதவீதம், முதலாளி 1 சதவீதம். அந்தப் பெயரில் 'யு' என்பது 'அன்எம்ப்ளாய்மென்ட்'. மாதா மாதம் ஒரு முன்னொட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

லீவு பாரம் ஒன்று. காலி பாரமாக இருந்தாலும் சரி.

கம்பெனியின் ஒழுங்கு விதிகள். எச்சரிக்கைக் கடிதம் எப்படி, விசாரணை எப்படி என்று இருக்கும் அந்தக் கையேடு.

சுவரில் ஒட்டியிருக்கும் பெரிய தாள். வேலை நிபந்தனைச் சட்டத்தின் சுருக்கத்தை ஊழியர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். எங்கள் கிடங்கில் டீ அறையில், மைக்ரோவேவுக்கு மேலே, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது. இலவசப் பாடப்புத்தகம். நாலு வருஷம் அதற்குக் கீழே நின்று சோறு சுடவைத்தவர்கள் யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை, நானும்தான்.

செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, கொஞ்சம் ஜெராக்ஸ். இங்கே 'ஜெராக்ஸ்' என்று கேட்டால் சிலர் முழிப்பார்கள், 'காப்பி' என்று கேளுங்கள். அசலில் கோடு போடாதீர்கள், எப்போதும் பிரதியில்தான். யாரிடமாவது சந்தேகம் கேட்கக் காட்டுவதற்கு முன் பாஸ்போர்ட் எண், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். கம்பெனியின் உள் கோப்புகளைப் போனில் படம் எடுப்பது வேண்டாம். படிக்கத்தான் எடுத்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

3. கட்டைவிரல் வையுங்கள்

என் முறை இது ஒன்றுதான். சொல்லின் தலையைக் கட்டைவிரலால் மறையுங்கள். மிச்சத்தைப் படியுங்கள். மிச்சம் தனியாக நிற்கும் சொல்லா? ஆம் என்றால் அதன் பொருளைச் சொல்லிவிட்டு, விரலை எடுத்துத் தலையைச் சேருங்கள்.

'அண்டர்பேமென்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தலையை மறைத்தால் 'பேமென்ட்', பணம் கொடுப்பது. விரலை எடுத்தால் 'அண்டர்', கீழே. கொடுக்கவேண்டியதற்குக் கீழே கொடுப்பது. எதற்குக் கீழே? அங்கேதான் சொல் சட்டத்தில் போய் முட்டுகிறது. 2025 மார்ச் 1 முதல் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் என்று வைத்தார்கள். வருஷா வருஷம் மாற்றுவார்கள், அந்த ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் 'அண்டர்பேமென்ட்'. இப்படி ஒரு சொல்லை ஒரு தொகையோடு கட்டிவைத்தால் அது மறக்காது.

மிச்சம் தனியாக நிற்கவில்லை என்றால்? 'டிசிப்ளினரி' என்பதில் தலையை மறைத்தால் 'சிப்ளினரி' என்று எதுவும் இல்லை. அங்கே பிரிக்காதீர்கள், முழுசாக மனப்பாடம் செய்யுங்கள். 'டிஸ்மிஸ்' இன்னும் மோசம். 'மிஸ்' தனியாக நிற்கும், ஆனால் அதற்கும் வேலை நீக்கத்துக்கும் சம்பந்தமில்லை. 'யூனியன்' என்பதில் இருப்பது 'அன்' இல்லை. எழுத்தில் அப்படித் தெரியும், வாயில் 'யூன்' என்று வரும். பிரித்துப் பொருள் வராத சொல்லுக்கு நோட்டில் நான் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பேன். புள்ளி வைத்தது அப்படியே விழுங்கவேண்டியது.

4. பணம் போகும் வரிசையில் படியுங்கள்

அகர வரிசை வேண்டாம். எது தெரியாவிட்டால் அதிகப் பணம் போகுமோ அது முதலில்.

'அன்', 'இன்', 'நான்', 'டிஸ்' நான்கும் இல்லை என்று சொல்லும் குடும்பம். அன்பெய்ட் லீவ் பற்றி என் கதையே போதும். 'அன்ஸ்கில்ட்' தொழில் பயிற்சி இல்லாதவர், 'செமி-ஸ்கில்ட்' அரைப் பயிற்சி. இந்த இரண்டுக்கும் நடுவே சம்பளத்தில் நல்ல இடைவெளி உண்டு, உங்களை எதில் போட்டிருக்கிறார்கள் என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

'இன்' வகையில் ஒரு சொல்லை மட்டும் கட்டம் போட்டு வையுங்கள்: 'இண்டிபெண்டன்ட் கான்ட்ராக்டர்'. இண்டிபெண்டன்ட் என்றதும் நமக்கு ஆகஸ்ட் 15 ஞாபகம் வந்து நெஞ்சு நிமிரும். நிமிராதீர்கள். கட்டைவிரல் வையுங்கள். 'டிபெண்டன்ட்' சார்ந்திருப்பவர், 'இன்' சேர்த்தால் சாராதவர். அதாவது நீங்கள் கம்பெனியின் ஊழியர் இல்லை, உங்கள் வேலையை நீங்களே எடுத்துச் செய்யும் தனி ஆள் என்று எழுதிவாங்குகிறார்கள். ஊழியருக்குச் சட்டம் தரும் லீவு, ஓவர்டைம், நோட்டீஸ் இதெல்லாம் அவருக்குக் கிடையாது. காலை ஏழு மணிக்கு வா, நான் சொல்கிறபடி செய், என் யூனிஃபார்ம் போடு என்று சொல்லிவிட்டுத் தாளில் மட்டும் 'இண்டிபெண்டன்ட்' என்று இருந்தால் கையெழுத்துக்கு முன் யாரிடமாவது காட்டுங்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு இங்கே சட்டம் நின்றுவிடுவதில்லை, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்றும் பார்க்கும்.

'இன்சபார்டினேஷன்' என்ற சொல்லுக்கு இரண்டு தலை. 'சப்' கீழே, 'இன்' இல்லை. கீழே நிற்க மறுப்பது, மேலதிகாரி பேச்சை மீறுவது. எச்சரிக்கைக் கடிதத்தில் இந்தச் சொல் வந்தால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், வேலையே போகும் அளவுக்கு கனமான குற்றச்சாட்டு. 'மிஸ்கான்டக்ட்' இன்னும் பொதுவான சொல். நமக்கு 'மிஸ்' என்றால் டீச்சர்; இங்கே அந்தத் தலைக்குத் தப்பு என்று பொருள். கான்டக்ட் நடத்தை, மிஸ்கான்டக்ட் தவறான நடத்தை. அப்படியே 'மிஸ்யூஸ்', 'மிஸ்ரெப்ரசென்டேஷன்'. கடைசிச் சொல் சுயவிவரத்தில் பொய் எழுதியவர்கள் மேல் விழும்.

அடுத்து 'ஓவர்', 'அண்டர்'. ஓவர்டைம் தெரியாதவர் இல்லை, கணக்குத்தான் தெரியாது. வாரத்துக்கு 45 மணி நேரம் சாதாரண வேலை. அதற்கு மேல் போவது ஓவர்டைம், உங்கள் சம்மதத்தோடுதான், வாரத்துக்கு 10 மணி நேரத்துக்கு மிகாமல், கூலி ஒன்றரை மடங்கு. குறிப்பிட்ட வருமான வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்த விதி பொருந்தாது, அவர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். 'ஓவர்குவாலிஃபைட்' என்று நேர்காணலில் சொன்னால் பாராட்டு என்று எண்ணிச் சிரிக்காதீர்கள். படிப்பு கூடுதல், வேலை கிடையாது என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். 'ஓவர்பேமென்ட்' என்று கடிதம் வந்தாலும் சிரிக்கக் கூடாது. கணக்குத் தவறில் கூடுதலாகப் போட்டதைத் திரும்பப் பிடிக்க முதலாளிக்கு உரிமை உண்டு.

'அன்எம்ப்ளாய்ட்' வேலை இல்லாதவர், 'அண்டர்எம்ப்ளாய்ட்' வேலை இருந்தும் போதாதவர். எம்.காம் முடித்துவிட்டு அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருந்த என்னைப் போன்றவர்கள் இரண்டாம் ரகம்.

5. 'ரீ'க்கு ஒரு வாரம் தனியாக ஒதுக்குங்கள்

வேலைச் சொற்களில் இதைவிட ஏமாற்றுகிற தலை இல்லை.

என் முதல் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. முடியும் சமயத்தில் அலுவலகத்திலிருந்து ஒரு மெசேஜ்: வெள்ளிக்கிழமைக்குள் 'ரிசைன்' பண்ணவும். எழுத்தில் அப்படித்தான் இருந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்குக்கூட போன் பண்ணவில்லை, அம்மா குரல் கேட்டால் அழுதுவிடுவேன். வியாழக்கிழமை போய்க் கேட்டால், புது ஒப்பந்தத் தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மறுபடி கையெழுத்து. 'ரீ-சைன்'. நடுவில் ஒரு சிறு கோடு போட மறந்துவிட்டார்கள்.

இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே. கோடு இருந்தால் 'ரீ' என்று நீட்டி, 'சைன்' என்று அழுத்திச் சொல்லவேண்டும்: மறுபடி கையெழுத்து. கோடு இல்லாவிட்டால் 'ரிசைன்', நடுவில் 'ஸ'கரம் வண்டு முரல்வது போல அதிரும்: ராஜினாமா. ஒன்று வேலையை நீட்டிப்பது, மற்றது முடிப்பது. எழுத்தில் இது வந்தால் ஊகிக்காதீர்கள், நேரில் போய்க் கேளுங்கள். இரண்டு நாள் பட்டினி மிச்சம்.

இதற்குப் பக்கத்திலேயே 'ரிட்ரென்ச்'. தென்னாப்பிரிக்காவில் ஆட்குறைப்புக்கு இதுதான் சொல். சிவப்புப் புள்ளி வைக்கவேண்டியது, 'ட்ரென்ச்' என்றால் பதுங்குகுழி, அதை வைத்து எதுவும் புரியாது. 'பிரிவு 189' என்று தலைப்பிட்ட கடிதம் வந்தால் அது ஆட்குறைப்புப் பேச்சுக்கான அழைப்பு.

'ரிசைன்', 'ரிட்ரென்ச்' இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும்? ஆட்குறைப்பில் போனால் முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் இழப்பீடாகத் தரவேண்டும், யுஐஎஃப் நிதியிலும் கேட்கலாம். நீங்களாக ராஜினாமா செய்தால் அந்த இழப்பீடு இல்லை, யுஐஎஃப்பும் பொதுவாக இல்லை. 'ஆட்குறைப்பு நடக்கப்போகிறது, நீங்களே ரிசைன் பண்ணிவிட்டால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும்' என்று யாராவது தோளில் கைபோட்டுச் சொன்னால், கையை மெதுவாக எடுத்துவிட்டு, யோசிக்க நேரம் கேளுங்கள்.

அப்புறம் 'ரீஇன்ஸ்டேட்', 'ரீஎம்ப்ளாய்'. அநியாயமாக நீக்கினார்கள் என்று சிசிஎம்ஏ என்கிற தொழில் தகராறு ஆணையத்தில் முறையிட்டு ஜெயித்தால் தீர்ப்பில் இவற்றில் ஒன்று வரலாம். 'ரீஇன்ஸ்டேட்' என்றால் நீக்கமே நடக்காதது போல அதே நாற்காலியில் திரும்ப உட்காருவது. 'ரீஎம்ப்ளாய்' என்றால் மறுபடி வேலைக்கு எடுப்பது, அது வேறு பொருத்தமான வேலையாகவும் இருக்கலாம். தமிழில் இரண்டையும் 'மறுபடி வேலை' என்று சொல்லிவிடுவோம், பழைய சம்பள பாக்கி விஷயத்தில் இரண்டும் ஒன்றாகாது. முறையிடக் கட்டணம் கிடையாது. எல்ஆர்ஏ 7.11 என்ற படிவம். நீக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும், ஞாயிறும் பண்டிகையும் அந்தக் கணக்கில் சேரும். ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு.

6. நம் ஊர் இங்கிலீஷ் இங்கே செல்லாத இடங்கள்

'ப்ரீபோன்' என்று நேர்காணலில் சொன்னேன். எதிரே இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'போஸ்ட்போன்' இருக்கும்போது 'ப்ரீபோன்' இருக்கவேண்டியதுதானே? நியாயம் நம் பக்கம், சொல் நம் ஊரோடு சரி. இங்கே 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று சொல்லவேண்டும். அதே மாதிரி 'கோ-பிரதர்'. சகலையைக் கிடங்கில் அப்படி அறிமுகம் செய்துவைத்தேன். ஏதோ கூட்டுறவுச் சங்கம் என்று நினைத்துவிட்டார்கள். முன்னொட்டை வைத்து அர்த்தத்தை ஊகிக்கலாம், புதுச் சொல் செய்யக் கூடாது.

'அண்டர்டேக்' என்றால் பொறுப்பேற்பது. அதனால் வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்கிறவர் 'அண்டர்டேக்கர்' என்று சுயவிவரத்தில் எழுதிவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்கு ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர் என்று பொருள். என் அறைத்தோழர் ஒருவர் எழுதினார், பதில் வரவே இல்லை.

'ஓவர்சீ' மேற்பார்வை பார்ப்பது. 'ஓவர்லுக்' கவனிக்காமல் விடுவது. சீ, லுக் இரண்டும் பார்ப்பதுதான், தலையும் ஒன்றுதான், பொருள் நேர் எதிர். 'ஓவர்சைட்' இரண்டு பக்கமும் ஆடும்: மேற்பார்வை என்றும் வரும், கவனப்பிசகு என்றும் வரும். பின்னால் வரும் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

கிடங்கு, தொழிற்சாலை வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். டிரம்மில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தால் தீப்பிடிக்காது என்று அர்த்தமில்லை. தீப்பிடிக்கும். 'ஃப்ளேமபிள்' என்றாலும் தீப்பிடிக்கும். அந்த 'இன்' இல்லை என்று சொல்லும் 'இன்' அல்ல. தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று போடுவார்கள். கட்டைவிரல் முறை இங்கே உயிருக்கே உலை வைக்கும்.

கணக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. 'அன்குவாலிஃபைட்' ஆள் என்றால் தகுதி இல்லாதவர். 'அன்குவாலிஃபைட்' தணிக்கை அறிக்கை என்றால் நிதிக் கணக்கில் பெரிய பிழை இல்லை என்று சொல்லும் நல்ல அறிக்கை. மாநகராட்சிக்கு அது கிடைத்தது என்று செய்தி வந்தால் பெருமைப்படுகிறார்கள், சண்டைக்குப் போகாதீர்கள்.

7. காதுக்குத் தனிப் பயிற்சி

கண்ணுக்குப் பழகியது காதுக்குப் பழகாது. 'அன்', 'இன்', 'ரி' எல்லாம் பேச்சில் விழுங்கப்படும். தினமும் மினிபஸ் டாக்ஸியில் சாட்ஸ்வொர்த் புறநகரிலிருந்து டவுனுக்குப் போகும்போது ரேடியோ ஓடும். அதில் வேலை, சம்பளம், ஸ்ட்ரைக் பற்றிய செய்தி வந்தால் தலைகளை மட்டும் பிடிக்கப் பாருங்கள். மற்றது போனால் போகட்டும்.

நேரில் பேசும்போது கூச்சப்படாமல் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்: 'ஸாரி, பெய்டா, அன்பெய்டா?' 'ரீ-சைனா, ரிசைனா?' ஒற்றைச் சொல்லைத் திருப்பிக் கேட்டால் 'யெஸ், யெஸ்' என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் தெரியாது. ஜோடியாகக் கேட்டால் எதிராளி ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆகவேண்டும். அப்புறம் அதே கேள்வியை வாட்ஸப்பிலும் அனுப்பிவிடுங்கள், எழுத்தில் பதில் இருக்கும். 'ஐ வில் டூ இட் ஜஸ்ட் நவ்' என்று பதில் வந்தால் உடனே என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். இந்த ஊரில் 'ஜஸ்ட் நவ்' என்றால் அப்புறம் பார்க்கலாம்.

8. எவ்வளவு நாள் ஆகும்

வேலை முடிந்து வந்து இருபது நிமிஷம். எனக்கு ஆறு வாரம் பிடித்தது. முதல் இரண்டு வாரம் ஒப்பந்தம் மட்டும். ஒரு பக்கத்தில் உள்ள முன்னொட்டுச் சொற்களைப் பச்சைப் பேனாவில் வட்டமிட்டு, நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழ், அதற்குப் பக்கத்தில் அது எத்தனை ராண்ட் அல்லது எத்தனை நாள் சம்பந்தப்பட்டது என்று. மூன்றாம் வாரம் சம்பளச் சீட்டும் சுவர்த்தாளும். நாலாம் வாரம் முழுக்க 'ரீ'. ஐந்தாம் வாரம் ஒழுங்கு விதிகள், இதுதான் கஷ்டமான வாரம், ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் ஓடாது. ஆறாம் வாரம் சுயவிவரத்தைத் திருத்தி எழுதுங்கள்: 'கோ-ஆர்டினேட்டட்', 'சூப்பர்வைஸ்ட்', 'ரீஆர்கனைஸ்ட்' என்று செய்த வேலைக்குச் சரியான தலை வைத்து. செய்யாத வேலைக்கு வைத்தால் அதன் பெயர் 'மிஸ்ரெப்ரசென்டேஷன்' என்று மேலே பார்த்தோம்.

கோச்சிங் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். நான் கட்டினேன். மூன்று வாரமும் 'அன்ஹாப்பி'தான்.

9. கடைசி நாள் காகிதம்

ஒரு வேலையை விட்டுப் போகும் நாளில் இரண்டு தாள் கையில் வரவேண்டும். ஒன்று சேவைச் சான்றிதழ்: பெயர், வேலை, சேர்ந்த நாள், விலகிய நாள், சம்பளம். வேலை முடிந்த காரணத்தை நீங்கள் கேட்டால்தான் அதில் எழுதுவார்கள். ஆட்குறைப்பு என்றால் கேளுங்கள், அடுத்த முதலாளி சந்தேகமாகப் பார்க்க மாட்டார். மற்றது யுஐ-19 படிவம், யுஐஎஃப் கேட்க அது வேண்டும். அதில் காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. ரிசைன்ட், டிஸ்மிஸ்ட், ரிட்ரென்ச்ட், ஒப்பந்தம் முடிந்தது என்று உங்கள் கதையை ஒரே குறியீட்டில் முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் அவசரப்படுத்துவார்கள், பின்னால் ஆள் நிற்பார், டாக்ஸிக்கு நேரமாகும். அந்தக் கட்டத்தில் இருக்கும் குறியீட்டுக்கு என்ன அர்த்தம் என்று வாய்விட்டுக் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை நோட்டில் உள்ளதோடு ஒத்துப்பாருங்கள். தப்பாக இருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள். வீட்டுக்கு வந்தபின் அதைத் திருத்த நான் நாலு தடவை பஸ் ஏறினேன்.